அபயாம்பாள் கொலுவில் வைத்த ஆந்தை

புதன்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் அபயாம்பாள் போனைத் திறந்து பார்த்தாள். கொலு லிஸ்ட்டில் அவள் பெயர் மறுபடியும் இல்லை. இது மூன்றாவது தடவை.

அமெரிக்காவில் பிளசன்டன் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் நவராத்திரிக்கு இருபது நாள் முன்னாலேயே ஒரு கூகுள் ஷீட் போட்டுவிடுவார்கள். யார் வீட்டில் கொலு, என்றைக்கு, எத்தனை மணிக்கு, காரை எங்கே நிறுத்துவது, வீட்டில் நாய் உண்டா இல்லையா என்பதுவரை அதில் இருக்கும். ஒரே சனிக்கிழமையில் ஏழு வீடு ஏறி இறங்கி, ஏழு வீட்டுச் சுண்டலையும் தின்றுவிட்டு உயிரோடு திரும்ப வேண்டுமென்றால் திட்டம் வேண்டாமா? ஷீட்டில் பெயர் இருந்தால் வீட்டுக்கு ஆள் வரும். இல்லையென்றால் நீங்களும் உங்கள் பொம்மைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் பெயரைச் சேர்த்தாள். சனிக்கிழமை, மாலை நான்கு முதல் ஆறு. திங்கட்கிழமை பார்த்தால் காணோம். யாரோ கை தவறி அழித்திருப்பார்கள் என்று மறுபடி சேர்த்தாள். செவ்வாய்க்கிழமை காணோம். இப்போது புதன்கிழமையும் காணோம். கை ஒரு தடவை தவறும், சரி. தினமுமா தவறும்?

போன வருஷம் அவள் கொலு வைக்கவில்லை. கணவர் பசுபதி இறந்து வருஷம் திரும்பவில்லை, பண்டிகை கிடையாது. அது முறை, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. இப்போது வருஷம் கழிந்துவிட்டது. இனி என்ன தடை? அதை ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ‘நீ புருஷனை இழந்தவள், உன் கையால் குங்குமம் வாங்க மாட்டோம்’ என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் பதிலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள். இங்கே எல்லாருக்கும் நாகரிகம் முற்றிப்போய்விட்டது. சத்தமில்லாமல் பெயரை அழிக்கிறார்கள்.

“அழிக்கிறவளுக்குக் கை வலிக்கட்டும்” என்று வாய்விட்டுச் சொல்லி, நான்காவது தடவையாகத் தன் பெயரைத் தட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினாள்.

அபயாம்பாளுக்கு ஐம்பத்தொரு வயது. பிறந்தது மயிலாடுதுறையில், படித்தது பி.எஸ்ஸி. விலங்கியல். கண்கள் இரண்டும் பெரிசாக, வட்டமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே ‘ஆந்தை முழி’. அப்படிக் கூப்பிட்டவர்களையெல்லாம் அதே கண்களை உருட்டிப் பார்த்து ஓட வைத்திருக்கிறாள். பசுபதியைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்கா வந்தபோது வேலை பார்க்க விசா இடம் கொடுக்கவில்லை. கணவர் சம்பாதிக்கலாம், மனைவி சும்மா இருக்க வேண்டும் என்பது சட்டம். பன்னிரண்டு வருஷம்! மகள் ஷ்ரேயா பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு பகல் பொழுது மலையாக முன்னால் நின்றது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு மியூசியத்தில் சம்பளமில்லாத உதவிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ‘வேலை பார்த்தால்தானே தப்பு, சும்மா பார்த்தால் தப்பில்லையே’ என்று போய் நின்றாள்.

அங்கே அவளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் அகலமான இழுப்பறைகள், ஒவ்வோர் இழுப்பறையிலும் பஞ்சடைத்த பறவைகள். மல்லாந்து படுத்திருக்கும், கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு தெரியும், காலில் நூலால் ஒரு சீட்டு கட்டியிருக்கும். எங்கே பிடித்தது, என்றைக்கு, யார் என்று சீட்டில் எழுதியிருக்கும். நூறு வருஷத்துக் கையெழுத்து. அதைப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். முதல் நாளே அவள் கையில் கொடுத்தது ஆந்தைகளின் இழுப்பறையை! அவளால் மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. வேலையை முடித்து வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைத்தாள். பசுபதி விழுந்து விழுந்து சிரித்தார். அப்படி இருந்தவள்தான்.

மூன்றாம் வாரம் அந்தக் குட்டி ஆந்தையை எடுத்தாள். மெக்சிகோ கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் சொகோரோ என்றொரு எரிமலைத் தீவு இருக்கிறது. உலகத்தின் மிகச் சிறிய ஆந்தை வகையில், அந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்த துணையினம் இது. உள்ளங்கையில் வைத்து விரலை மூடிக்கொள்ளலாம், அவ்வளவுதான் உடம்பு. பூச்சி பிடித்துத் தின்னும், யார் வம்புக்கும் போகாது. தீவுக்கு ஆடுகளைக் கொண்டுபோய் விட்டார்கள், ஆடுகள் செடிகொடியை மொட்டையடித்தன. பிற்பாடு பூனைகளும் போய்ச் சேர்ந்தன. எது கடைசி அடி என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளுக்குப் பிறகு அதை உறுதியாகப் பார்த்தவர் இல்லை, தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதன் குரலாவது எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று அபயாம்பாள் தேடித் தேடிப் பார்த்தாள். அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஒருநாள் மியூசியத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெரிய மனிதர், “இதன் சொந்தக்காரப் பறவைகள் அரிசோனாவில் நன்றாகத்தானே இருக்கின்றன, இது வெறும் துணையினம்தானே” என்றார். அபயாம்பாளுக்கு வந்ததே கோபம்! சித்தி பெண்ணும் பெரியம்மா பெண்ணும் உயிரோடு இருந்தால் செத்துப்போனவள் சாகவில்லை என்று ஆகிவிடுமா? அவரிடம் அதை எப்படி ஆங்கிலத்தில் கேட்பது என்று தெரியாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தாள். அவர் அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிட்டார்.

பிறகு வேலை செய்ய அனுமதி வந்தது, மியூசியமே அவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. பசுபதி தினமும் சாயங்காலம் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, “உன் ஆந்தைக்கு என்ன சேதி?” என்று கேட்பார். அவளும் ஏதாவது சொல்லுவாள். கிரீன் கார்டு வந்து ஏழாம் மாதம், ஒரு மார்ச் காலை, ரயில் நிலையக் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கின் மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஐம்பத்தாறு வயது.

பதிமூன்றாம் நாள் காரியத்துக்கு வந்த பெண்கள் சமையலறையில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. “செத்த ஆந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கற வேலை. வீட்டுக்கு ஆகுமா?” சொன்னது யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் ரகளை ஆகியிருக்கும். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய்த் தங்கிவிட்டது. என் புருஷனை நானும் அந்த ஆந்தையும் சேர்ந்து கொன்றுவிட்டோம் என்கிறார்கள், என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே சொல்கிறார்கள்!

கொலுவில் வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வைக்க வேண்டும். இந்த வருஷம் என்ன பொம்மை என்பது அந்தப் பதிமூன்றாம் நாளே முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை மதியம் மியூசியத்தில் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி ஷீட்டைத் திறந்தாள். அவள் பெயர் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினாலு வருஷமாக என்ன வேலை பார்க்கிறோம்? இங்கே ஒரு பறவையின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றினாலும் யார் மாற்றியது, எப்போது என்று பதிவாகும். எதையும் அழிக்கிற வழக்கமே கிடையாது. பூச்சி அரித்து மண்ணாய்ப் போன பறவைக்குக்கூட வரி அப்படியே இருக்கும், பக்கத்தில் ‘இல்லை’ என்று மட்டும் எழுதுவார்கள். கூகுள் ஷீட்டிலும் பழைய மாற்றங்களைக் காட்டும் பக்கம் உண்டே!

திறந்தாள். நான்கு தடவையும் ஒரே பெயர்தான். யாமினி பத்மநாபன்.

அபயாம்பாள் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் தாங்கியிருப்பாள். யாமினி பத்தொன்பது வருஷச் சிநேகிதி. ஷ்ரேயா பிறந்தபோது பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தவள். பசுபதியின் செய்தி வந்த காலையில் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு ஓடிவந்தவள். அன்றைக்கு மதியம் ஒரு சீட்டுகூட அபயாம்பாளால் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் யாமினியை வீட்டுக்குக் கூப்பிட்டாள். யாமினி உள்ளே வந்ததும் சாப்பாட்டு மேஜையில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள். காகிதக்கூழில் செய்து, கம்பளி நூலைப் பிய்த்து ஒட்டி, சாம்பலும் பழுப்புமாகத் தீட்டிய குட்டி ஆந்தை. மியூசியத்தில் பஞ்சு வைத்திருந்த இடத்தில் இங்கே மஞ்சள் நிறத்தில் கண் திறந்திருந்தது.

“என்னடி இது?”

“இந்த வருஷப் புதுப் பொம்மை.”

“ஆந்தையா? கொலுவுலயா? அபயா, ஏற்கெனவே ஊர் வாய் சும்மா இல்ல. நீ வேற ஏன் கொம்பு சீவி விடற?” யாமினி குரலைத் தாழ்த்தினாள். “சரி, ஒண்ணு பண்ணலாம். நார்த்ல மகாலட்சுமிக்கு வாகனம் ஆந்தைதானே? என்கிட்ட சின்னதா ஒரு லட்சுமி இருக்கு. மேல உட்கார வெச்சுட்டா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க.”

“இது யாருக்கும் வண்டி ஓட்ட வரல யாமினி. இதுக்குன்னு ஒரு தீவு இருந்தது. இது இதுவாவே உட்காரும்.” அபயாம்பாள் போனை மேஜைமேல் வைத்துத் தள்ளினாள். “அதை விடு. இதைப் பாரு.”

யாமினி பார்த்தாள். தன் பெயர் நாலு தடவை இருந்ததைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“ஆமா. நான்தான் டெலீட் பண்ணேன்.”

“ஏன்?”

“குரூப்ல என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியாது. நீ இல்லாத இன்னொரு குரூப் இருக்கு. வருவாங்க அபயா, வந்து பாட்டெல்லாம் பாடுவாங்க. வெத்தலை பாக்கு குடுக்கற நேரம் வந்தா ஆளுக்கொரு சாக்கு சொல்லிட்டு நழுவிடுவாங்க. நீ தட்டைத் தூக்கிண்டு நிப்ப. என்னால அதைப் பார்க்க முடியாதுடி. உனக்காகத்தான் பண்ணேன்.”

“எனக்காக என்னையே அழிச்சியா?”

யாமினிக்கு அழுகை வந்துவிட்டது. அபயாம்பாளுக்கு வரவில்லை. அவளுக்கு வந்தது வேறு.

“இத பாரு. நான் தாங்கறேனா இல்லையான்னு நான் பார்த்துக்கறேன். வேணாங்கறவங்க என் வாசப்படி ஏறி வந்து, என் மூஞ்சியைப் பார்த்து வேணாம்னு சொல்லட்டும். அவங்க சொல்றதுக்கு முன்னாடி அவங்களுக்காக நீ ஏன் சொல்ற? அவங்களுக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லாமப் பண்ணிட்டியே!”

“தப்புதான்.”

“மத்தவங்களை விடு. நீ சொல்லு. என் கையால நீ வாங்குவியா?”

யாமினி கழுத்துச் சங்கிலியை விரலால் பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் பத்மநாபனுக்கு ஜூன் மாதம் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அந்த ஒரு வாரமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனது அபயாம்பாள்தான். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட யாரும் சகுனம் பார்க்கவில்லை.

“அவருக்கு இப்பதான்...” என்று யாமினி ஆரம்பித்தாள்.

“புரியுது” என்றாள் அபயாம்பாள். உண்மையிலேயே புரிந்தது. புரிந்ததனால் வலிக்காமல் இருக்குமா? “நீ கிளம்பு. ஆனா இன்னொரு தடவை என் பேர்ல கை வெக்காத.”

யாமினி போன பிறகு ஐந்தாவது தடவையாகத் தன் பெயரைச் சேர்த்தாள். காரை எங்கே நிறுத்துவது என்கிற கட்டத்துக்குப் பக்கத்தில், ‘இந்த வருஷம் கொலுவில் சொகோரோத் தீவு ஆந்தை. தாம்பூலம் என் கையால் கொடுக்கப்படும். இஷ்டமுள்ளவர்கள் வரலாம்’ என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை பார்த்தாள். அது அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஷ்ரேயா, தான் படிக்கிற வெளி மாநில ஊரான ரிச்சர்ட்சனில் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு விமானம் ஏறி வந்தாள். ஷீட்டைப் படித்துவிட்டு, “ஓ மை காட், அம்மா. யூ ரியலி ரோட் தட்?” என்று கேட்டாள்.

“ஏன், தப்பா?”

“நோ. பட் வாட் இஃப் நோபடி கம்ஸ்?”

“வராட்டி நாம ரெண்டு பேரும் சுண்டலைத் தின்னுட்டுப் படுப்போம். போய் அந்தப் படியைப் பிடி.”

பசுபதி ஹோம் டிப்போ கடையில் பலகை வாங்கி அறுத்துச் செய்த ஐந்து படிகள். மேலே கலசம், அதற்குக் கீழே தசாவதாரம், அடுத்து செட்டியாரின் மளிகைக் கடை, மரப்பாச்சி ஜோடி. செட்டியாருக்கும் மரப்பாச்சிக்கும் நடுவில் ஒரு குச்சியில் ஆந்தை உட்கார்ந்தது. கீழே தரையில், மற்ற வருஷங்களில் பூங்காவும் குளமும் அமைக்கிற இடத்தில், ஒரு பெரிய தாம்பாளத்தில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்திருந்தாள். ஒரு வாரத்தில் பச்சைப் பசேலென்று முளைத்து அதுவே தீவுக் காடாகிவிட்டது. போன வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து தள்ளுபடியில் வாங்கிய மண் ஆடுகள் நாலு, ஷ்ரேயாவின் சின்ன வயதுப் பிளாஸ்டிக் பூனை ஒன்று. ஆடுகள் நிற்கிற பக்கத்தில் மட்டும் முளைகளைக் கத்தரியால் ஒட்ட வெட்டிவிட்டாள். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது பாருங்கள்.

சனிக்கிழமை நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. ஷ்ரேயா போனைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தாள். அபயாம்பாள் அரக்குப் பட்டுப் புடவையில் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் ஓரக்கண்ணால் ஜன்னலைப் பார்த்தாள். அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை, நான் சொல்லிவிடுகிறேன், பார்த்தாள்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாலு கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. மொத்தம் பதினோரு பேர். யாமினியும் அதில் இருந்தாள். பாதிப் பேர் பாசத்தில் வந்தார்களா, ஆந்தையைப் பார்க்கிற ஆசையில் வந்தார்களா என்று கேட்டால், ஆந்தைக்குத்தான் ஓட்டு. வந்தவர்கள் கலசத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே ஆந்தைக்கு முன்னால் குனிந்தார்கள். ஒருத்தி போட்டோ எடுத்தாள். இன்னொருத்தி, “க்யூட்டா இருக்கு, ஆனா...” என்று இழுத்தாள். அபயாம்பாள் தீவைக் காட்டினாள், ஆடுகளைக் காட்டினாள், கதையைச் சொன்னாள். யாரோ பாடினார்கள். சுண்டல் ஒரு சுற்று வந்தது.

வந்தவர்களில் கயல் என்று ஒரு புதுக் கல்யாணப் பெண். கிழக்குக் கரைப் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து போன மாதம்தான் இந்தப் பக்கம் மாறி வந்திருந்தாள். இங்கத்து நெளிவு சுளிவு எதுவும் தெரியாது. மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிட்டாள்.

“ஆன்ட்டி, ஆந்தை கத்தினா வீட்ல சாவு விழும்னு சொல்வாங்களே. உங்களுக்குப் பயமா இல்லையா?”

ஷ்ரேயா எழுந்துவிட்டாள். அபயாம்பாள் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தாள்.

“நல்ல கேள்விம்மா. எல்லாரும் மனசுல வெச்சிருந்ததை நீதான் வாய்விட்டுக் கேட்டே. இந்த ஆந்தை ஒண்ணு விடாம செத்துப்போச்சு. ஒரு தீவுல இருந்த அத்தனையும். அதுங்களுக்கு சாவு வரதுன்னு சொல்ல எந்த ஆந்தை வந்து கத்தித்து?” அவள் சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “ஆட்டை விட்டது மனுஷன். பூனையை விட்டது மனுஷன். செத்தது ஆந்தை. அபசகுனம்னு பேர் வாங்கினதும் ஆந்தை. என் வீட்டுக்காரர் ஹார்ட் அட்டாக்ல போனார். அவர் போனது ஆந்தையாலயும் இல்ல, என் ஜாதகத்தாலயும் இல்ல. இதே கிச்சன்ல நின்னு யாரோ அப்படிப் பேசினாங்க. அவங்க இன்னிக்கு வந்திருந்தா நல்லதுதான், என் வாயாலயே கேட்டுக்கட்டும்.”

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கயல் மட்டும், “சாரி ஆன்ட்டி” என்றாள்.

“நீ எதுக்கு சாரி சொல்ற? நீ கேட்டுட்டியே.”

அபயாம்பாள் உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி, வெள்ளிச் சிமிழில் குங்குமம். அவள் நெற்றியிலும் சின்னதாகப் பொட்டு இருந்தது. அது ஸ்டிக்கர் பொட்டு இல்லை, குங்குமம் என்பதை அதுவரை கவனிக்காதவர்களும் இப்போது கவனித்தார்கள்.

பக்கத்து ஊர் ஃபிரீமான்ட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி மெதுவாக எழுந்தாள். “ஷ்ரேயா கையால குடுக்கட்டுமே அபயா. கன்னிப் பொண்ணு, ரொம்ப விசேஷம்.”

அபயாம்பாள் பதில் சொல்வதற்குள் ஷ்ரேயா முந்திக்கொண்டாள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து, அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண், அன்றைக்குத் தமிழில் சொன்னாள். “இது அம்மா வெச்ச கொலு ஆன்ட்டி. அம்மாதான் குடுப்பாங்க.” சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இரண்டு வீடு பாக்கி இருக்கிறது, டிராஃபிக் வேறு என்றாள். அவளோடு ஒரே காரில் வந்த இன்னும் இரண்டு பேரும் எழுந்தார்கள். அபயாம்பாள் தட்டோடு வாசல்வரை கூடவே போனாள்.

“தாம்பூலம் வேணாமா?”

“இல்ல... இன்னொரு நாள்...”

“வேணாம்னா வேணாம்னு சொல்லுங்கோ. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஆனா வாயால சொல்லணும்.”

அந்தப் பெண்மணியின் முகம் சிவந்துபோயிற்று. “வேணாம்” என்றாள், காலணியைத் தேடிக்கொண்டே.

“சரி. பார்த்துப் போங்கோ. படி கொஞ்சம் உசரம்.”

கதவு சாத்திக்கொண்டது. அபயாம்பாள் திரும்பி நடந்தாள். யாமினி எதைப் பார்க்கப் பயந்தாளோ அது நடந்து முடிந்துவிட்டது. அபயாம்பாள் விழுந்துவிடவில்லை. கன்னம் சுட்டது, அவ்வளவுதான். தட்டு கையில் நேராகவே இருந்தது.

மீதி ஏழு பேரும் யாமினியைப் பார்த்தார்கள். ஷீட்டை ஆரம்பித்தவள் அவள், யார் வீட்டுக்கு எப்போது போவது என்று வருஷா வருஷம் சொல்கிறவள் அவள். அவள் புருஷனுக்கு ஜூன் மாதம் என்ன நடந்தது என்றும் அவர்களுக்குத் தெரியும். கயல்கூட, தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற மாதிரி அவளைத்தான் பார்த்தாள்.

யாமினி எழுந்து வந்தாள். அபயாம்பாள் தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“பாவம் பார்த்து வாங்கறதா இருந்தா எனக்கு வேணாம் யாமினி.”

“பாவமா?” யாமினியின் குரல் உடைந்தது. “பயமா இருக்குடி எனக்கு. வர வழியெல்லாம் பயந்துண்டேதான் வந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. அந்தப் பயம் போகற வரைக்கும் காத்திருந்தா நான் கிழவியாயிடுவேன். குடு.”

அபயாம்பாள் சிமிழைத் திறந்து நீட்டினாள்.

யாமினி அவசரமாக எடுத்ததில் குங்குமம் தரையில் கொஞ்சம் சிந்திற்று. நெற்றியில் வைத்துக்கொண்டாள், வகிட்டில் வைத்துக்கொண்டாள். போதும் என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. புடவைக்குள் கையை விட்டுத் தாலியை வெளியே எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதிலும் வைத்தாள். பின்னால் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது.

அபயாம்பாளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் தட்டு. வெற்றிலையின் மேல் பாக்கையும் மஞ்சளையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினாள். யாமினி முந்தானையில் வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

“அடுத்தது யாரு?” என்றாள் அபயாம்பாள்.